ஹீட்டர் ஹோஸ் திரும்பும் இடம்: பழைய ஷெவர்லே வி8 எஞ்சினில் பம்ப்பா, ரேடியேட்டரா?

1955-இல் 265 கன அங்குல அளவில் அறிமுகமாகி, பின்னர் 283, 327, 350 என்று வளர்ந்த ஷெவர்லேயின் ‘ஸ்மால் பிளாக்’ வி8 எஞ்சினைப் புதுப்பிப்பவர்கள், கார்புரேட்டருக்கும் பெயின்ட்டுக்கும் செலவிடும் கவனத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட, காரின் உட்புறத்தைச் சூடாக்கும் ஹீட்டரின் ஹோஸ்களுக்குச் செலவிடுவதில்லை. இரண்டே ரப்பர் குழாய்கள்தானே என்று தோன்றும். ஆனால் அவற்றில் ஒன்று எங்கே திரும்பிச் சேர்கிறது என்பதைப் பொறுத்தே, குளிர்காலக் காலையில் எஞ்சின் எவ்வளவு விரைவில் சூடேறும் என்பது அமைகிறது.

தொழிற்சாலை வகுத்த வழி எளிமையானது. இன்டேக் மேனிஃபோல்டின் (எஞ்சினுக்குள் காற்று-எரிபொருள் கலவையைக் கொண்டுசெல்லும் பகுதியின்) முன்பகுதியில், எஞ்சின் சூடேறும் வரை ரேடியேட்டருக்கான வழியை மூடிவைக்கும் தெர்மோஸ்டாட்டுக்குக் கீழே, ஹோஸ் மாட்டும் 5/8 அங்குல நிப்பிள் ஒன்று இருக்கும். எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் சூடாகி அதன் வழியாக வெளியேறி, எஞ்சின் அறையைப் பயணிகள் பகுதியிலிருந்து பிரிக்கும் ஃபயர்வாலுக்கு அப்பால் உள்ள, ஹீட்டரின் சிறு ரேடியேட்டரான ஹீட்டர் கோருக்குப் போகும். அங்கே வெப்பத்தை இழந்த பின், 3/4 அங்குல ஹோஸ் வழியாக வாட்டர் பம்ப்புக்குத் திரும்பும். பெரும்பாலான ஷெவர்லே ஹீட்டர் கோர்களிலும் இதே இரண்டு அளவுகள் இருப்பதால், சிறிய குழாய் உள்ளே வருவது, பெரிய குழாய் வெளியே போவது என்று அளவே அடையாளம் காட்டிவிடும். இரண்டையும் மாற்றிப் பொருத்திவிட்டால் ஹீட்டர் வேலை செய்யாது என்று பலர் அஞ்சுகிறார்கள், அது மிகை. கோர் எந்தத் திசையிலும் வெப்பம் தரும். ஆனால் கீழ்க்குழாய் வழியாக நுழைந்து மேல்குழாய் வழியாக வெளியேறும்போது காற்று தானாகவே வெளியே தள்ளப்படும். மறுதிசையில் ஓடினால் அது கோரின் மேற்பகுதியில் தங்கிவிட வாய்ப்பு உண்டு.

இதற்குப் போட்டியாக நிற்கும் வழி, திரும்பும் ஹோஸை ரேடியேட்டரின் பக்கத் தொட்டியில் சேர்ப்பது. பிற்காலத்தில் வாங்கிய பம்ப்பில் ஹீட்டர் நிப்பிள் இல்லாதபோதோ, ரேடியேட்டரில் அதற்கான இணைப்பு ஏற்கெனவே இருக்கும்போதோ பலர் இதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். தவறில்லை, ஆனால் எந்தத் தொட்டி என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. தண்ணீர் பக்கவாட்டில் ஓடும் ரேடியேட்டரில், மேல் ஹோஸ் வந்து சேரும் தொட்டி சூடான பக்கம். கீழ் ஹோஸ் புறப்படும் தொட்டி குளிர்ந்த பக்கம். குளிர்ந்த பக்கத்தில் சேர்த்தால், திரும்பும் கூலன்ட் உடனே கீழ் ஹோஸ் வழியாகப் பம்ப்பை அடைந்துவிடும். பம்ப்பில் நேரடியாகச் சேர்ப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. சூடான பக்கத்தில் சேர்த்தாலோ, தெர்மோஸ்டாட் இன்னும் மூடியிருக்கும்போதே, ஹீட்டரைக் கடந்து வரும் வெதுவெதுப்பான நீர் ரேடியேட்டரின் முழு அகலத்தையும் கடந்து குளிர்ந்த பிறகே எஞ்சினுக்குத் திரும்பும். எஞ்சின் சூடேறத் தாமதமாகும். தெர்மோஸ்டாட் திறந்த பின், அந்தத் தொட்டியின் அழுத்தம் பம்ப் உறிஞ்சும் பக்கத்தைவிடக் கூடுதலாக இருப்பதால், ஹீட்டர் வழியே ஓடும் அளவும் குறையும். பம்ப்பில் நிப்பிள் இருக்கும் வரை ரேடியேட்டரை நாட வேண்டிய தேவையே இல்லை என்பது என் முடிவு.

ஹீட்டர் வேண்டாம் என்று கழற்றிவிடுபவர்களிடையே இன்னொரு விவாதம் உண்டு: இரண்டு நிப்பிள்களையும் ஒரே ஹோஸால் இணைப்பதா, இரண்டையும் அடைத்துவிடுவதா? இணைத்தால், ஒரு பகுதி வெந்நீர் ரேடியேட்டரைத் தொடாமலேயே ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கும். ஸ்மால் பிளாக்கில், தெர்மோஸ்டாட் மூடியிருக்கும்போதும் கூலன்ட் சுற்றிவர உதவும் பைபாஸ் வழி பிளாக்குக்குள்ளேயே அமைந்திருப்பதால், அடைத்தாலும் சுழற்சி நிற்காது; ஆகவே அடைப்பதே மேல். இதை எல்லா எஞ்சின்களுக்கும் பொதுவிதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது; சில எஞ்சின்களில் ஹீட்டர் வழியே பைபாஸாகவும் பயன்படுகிறது. ஹீட்டரை வைத்துக்கொண்டு, வேண்டாதபோது ஓட்டத்தை நிறுத்த வால்வு வைப்பதானால், கோருக்கு உள்ளே வரும் ஹோஸில் வைக்க வேண்டும். திரும்பும் ஹோஸில் வைத்து மூடினால், பல பத்தாண்டுப் பழைய ஈயப் பற்று கொண்ட கோர், பம்ப் தரும் அழுத்தம் முழுவதையும் தாங்கிக்கொண்டு நிற்கும்.

இனி ஹோஸ் செல்லும் பாதை. எஞ்சினின் மேல்மூடியான வால்வு கவருக்கு மேலாக நேர்க்கோட்டில் இழுப்பது குறுகிய வழி. ஃபெண்டரின் உட்சுவரை ஒட்டி வளைத்துக் கொண்டுபோவது நீண்ட வழி. முதலாவதில் ஹோஸ் மிச்சமாகும், ஆனால் பிடிப்பான் தளர்ந்தவுடன் அது சரிந்து, புகையை வெளியேற்றும் சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் மீது சாயும். நான் கையில் எடுத்த ஒரு 1967 கமாரோவில் அப்படித்தான் சாய்ந்திருந்தது. மேலே பார்த்தால் கறுப்பாக, நேர்த்தியாகத் தெரிந்த ஹோஸ், அடிப்பக்கத்தில் கட்டைவிரலால் அழுத்தியபோது பிசினாக ஒட்டியது. பானெட்டைத் திறந்தவுடன் வந்த கூலன்ட்டின் இனிப்பு வாடைக்கு அப்போதுதான் காரணம் புரிந்தது. நீண்ட வழியில் ஓர் அடி ஹோஸ் கூடுதலாகச் செலவாகும்; ஆனால் ஃபேன் பெல்ட்டும் எக்ஸாஸ்ட்டும் எட்டாத தூரத்தில் இருக்கும், எஞ்சின் ஆடும்போது இழுபடாமல் இருக்கச் சிறிது தொய்வும் கிடைக்கும். நான் நீண்ட வழியையே விரும்புகிறேன்.

பழைய ஹோஸைக் கழற்றும்போது முறுக்கி இழுக்க வேண்டாம். கோரின் மெல்லிய பித்தளைக் குழாய் அதோடு சேர்ந்து திரும்பிவிடும். குழாயைக் கீறாமல் ஹோஸின் நீளவாக்கில் பிளேடால் பிளந்து உரித்தெடுத்தால், கோர் தப்பிக்கும்.