புண்ணைவிடப் படுத்திய பிளாஸ்திரி: வீட்டில் கட்டு மாற்றும் அனுபவம்

அத்தைக்கு நரம்புச் சுருட்டால் கணுக்காலுக்கு மேல் வந்த புண் ஒரு கோடையைத் தாண்டியும் ஆறவில்லை. செல்லூரில் வீட்டோடு வைத்து நான்தான் கட்டு மாற்றுகிறேன். புண்ணைவிட அதிகம் படுத்தியது அதைச் சுற்றியிருந்த நல்ல தோல்தான்.

முதலில் துணிப் பிளாஸ்திரி. மதுரை வெயிலில் வேர்த்து ஊற்றினாலும் நகராது. பிரிக்கும்போதோ மேல்தோலும் சேர்ந்து வரும். அடுத்து காகித டேப். தோலுக்கு இதம், ஆனால் மதியத்துக்குள் ஓரம் சுருண்டுவிடும்.

பெரிய தொல்லை பிறகுதான் வந்தது. தோலில் வந்த சிவப்பு, டேப் ஒட்டிய இடத்தோடு நிற்காமல் கெண்டைக்கால் வரை ஏறியது. கடுகு கடுகாக நீர்க்கொப்புளம். "வலியைப் பொறுத்துக்கொள்வேன் தாயி, இந்த அரிப்பைத்தான் தாங்க முடியவில்லை" என்றார் அத்தை. மருந்துக்கடையில் சீழ் என்று ஆன்டிபயாடிக் எடுத்து நீட்டினார்கள். கடைக்காரருக்கு எல்லாமே சீழ்தான்.

தோல் மருத்துவர் முதலில் பார்த்தது சிவப்பின் வடிவத்தை. டேப் அளவுக்கே சிவந்து சீக்கிரம் வாடினால் அது பெரும்பாலும் எரிச்சல். எல்லை தாண்டிப் பரவி, ஒட்டிய இரண்டு மூன்று நாளில் அரிப்போடு கொப்பளித்தால் ஒவ்வாமையைச் சந்தேகிக்க வேண்டும். காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வலி, நாற்றம் என்றால் தொற்றா என்று உடனே பார்க்க வேண்டும்.

எது ஒவ்வவில்லை என்று கண்டுபிடிக்கும் பேட்ச் டெஸ்ட் எழுதிக்கொடுத்தார். சந்தேகப்படும் பொருள்களைத் துளித்துளியாக முதுகில் ஒட்டி 48 மணி நேரம் கழித்து எடுப்பார்கள். 96 மணி நேரம் ஆனதும் மறுபடி பார்ப்பார்கள். அதுவரை முதுகு நனையக்கூடாது. சித்திரையில் நடக்கிற காரியமா? ஐப்பசிக்குத் தள்ளிவைத்தோம். பிளாஸ்திரிப் பசையில் சேர்க்கும் பைன் மரப் பிசின் ஒத்துக்கொள்ளவில்லை என்று வந்தது, அதை எதிர்பார்த்தோம். புண்ணுக்குத் தடவிய களிம்பிலிருந்த நியோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கும் சேர்ந்து வந்ததுதான் அதிர்ச்சி. நாள்பட்ட கால்புண்காரர்களுக்கு இது அடிக்கடி வருவதாம். பிரமைசெட்டினும் அதே வகை மருந்து என்பதால் அதையும் நிறுத்தச் சொன்னார்.

இப்போது சலைனில் கழுவி, ஒட்டாத வலைத்துணி, மேலே காஸ் துணி, அதன்மேல் சுருள் பேண்டேஜ். டேப் பேண்டேஜின் மேல் மட்டும்தான், தோலைத் தொடாது. தோல் தெளிந்துவிட்டது. சிலிகான் பசை உள்ள நுரைக்கட்டும் வாங்கிப் பார்த்தோம். வலியில்லாமல் உரிகிறது, தடம்கூட இல்லை. ஆனால் தெருமுனைக் கடையில் கிடைக்காது, சொல்லிவைத்துத்தான் வாங்க வேண்டும். திருப்பரங்குன்றத்தில் கலியாணம் என்றால் அது. மற்ற நாள்களுக்குக் காஸ்தான். விலை அப்படி.