பன்னிரண்டு வார இணையவழிச் சட்ட வகுப்பு: கட்டணத்துக்குத் தகுமா?

மாவட்ட நீதிமன்றத்தில் வாய்தாவுக்கு அலைகிற வழக்கறிஞருக்குச் சர்வதேசச் சட்டம் எதற்கு என்று, இந்த வகுப்பில் சேரப் போவதாகச் சொன்னபோது என் சீனியர் சிரித்தார். 'சர்வதேசச் சட்டமும் உள்நாட்டுச் சட்டச் சீர்திருத்தமும்' என்ற தலைப்பைப் பார்த்து எனக்கும் அந்த ஐயம் இருந்தது. சனிக்கிழமை மாலைதோறும் இரண்டு மணி நேரமாகப் பன்னிரண்டு வாரங்களை முடித்துவிட்ட நிலையில், மூன்று வகுப்புகளுக்காக மட்டுமே முழுக் கட்டணத்தையும் மறுபடி செலுத்தலாம் என்பதும், மீதியில் பாதியைத் தவறவிட்டாலும் குறையில்லை என்பதும் என் கருத்து.

சீனியரின் கேள்விக்கு மூன்றாவது வாரத்திலேயே விடை கிடைத்தது. அரசமைப்புச் சட்டத்தின் 51(இ) உறுப்பு உடன்படிக்கைகளை மதிக்க அரசு முயல வேண்டும் என்கிறது. 253-ஆவது உறுப்பு அவற்றை நடைமுறைப்படுத்தச் சட்டமியற்றும் அதிகாரத்தை நாடாளுமன்றத்துக்குத் தருகிறது. சட்டக் கல்லூரியில் மனப்பாடம் செய்த இந்த இரண்டையும் விரிவுரையாளர் கடன் வசூல் வழக்கு ஒன்றின் வழியே விளக்கினார். ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் எதிர் பாங்க் ஆஃப் கொச்சின் என்ற 1980-ஆம் ஆண்டுத் தீர்ப்பே அது. தீர்ப்பாணைப் பணத்தைக் கட்ட இயலாதவரைச் சிவில் சிறையில் அடைக்கலாமா என்ற கேள்விக்கு, குடிமை மற்றும் அரசியல் உரிமைகள் பற்றிய உடன்படிக்கையின் 11-ஆவது கூறை நீதிபதி கிருஷ்ணய்யர் எடுத்து வைத்தார். இந்தியா 1979-இல்தான் அந்த உடன்படிக்கையில் இணைந்திருந்தது. அது நேரடியாக இந்நாட்டுச் சட்டமாகிவிடாது என்று சொல்லிக்கொண்டே, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 51-ஆவது பிரிவை அதன் வெளிச்சத்தில் படித்து, வெறும் இயலாமை போதாது, பணம் இருந்தும் தராத நேர்மையின்மை வேண்டும் என்று முடித்தார். தீர்ப்பாணையை நிறைவேற்றக் கோரும் இ.பி. மனுவில் கைது கோரும்போதெல்லாம் நாங்கள் இயந்திரம்போல் மேற்கோள் காட்டும் இந்தத் தீர்ப்புக்குப் பின்னால் உடன்படிக்கை ஒன்று நிற்கிறது என்பதை இத்தனை ஆண்டுகளாக நான் கவனிக்காமலே இருந்திருக்கிறேன்.

பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் நெறிமுறைகள் வகுத்த விசாகா வழக்கையும் அதைத் தொடர்ந்து 2013-இல் வந்த பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தையும் பற்றிய நான்காவது வாரம் தெளிவாகவே இருந்தது. ஆனால் அதில் புதிதாக ஒன்றும் இல்லை.

வகுப்பின் உச்சம் ஆறாவது, ஏழாவது வாரங்கள். சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997 அக்டோபரில் கையொப்பமிட்டது. அதற்குக் கட்டுப்படுவதாக உறுதிசெய்யும் ஏற்புறுதியை இன்றுவரை அளிக்கவில்லை. அதற்கு வழிவகுக்க வேண்டிய சித்திரவதைத் தடுப்பு மசோதா 2010-இல் மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவையின் தெரிவுக் குழுவுக்குச் சென்று, பின்னர் காலாவதியானது. சட்ட ஆணையம் 2017-இல் தன் 273-ஆவது அறிக்கையுடன் வரைவு மசோதா ஒன்றை அளித்தும் பயனில்லை. சட்டமியற்றும்படி நாடாளுமன்றத்துக்கு ஆணையிட முடியாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றமும் ஒதுங்கிக்கொண்டது. இந்த வரலாற்றை யாரும் சொல்லலாம். இதன் விலையை விரிவுரையாளர் காட்டிய விதந்தான் சிறப்பு. 1995-இல் மேற்கு வங்கத்தின் புருலியாவில் வானிலிருந்து ஆயுதங்கள் போடப்பட்ட வழக்கில் தேடப்படும் டென்மார்க் நாட்டவரை, சித்திரவதைக்கு உள்ளாகும் அபாயம் இருப்பதாகக் கூறி, இந்தியாவிடம் ஒப்படைக்க அந்நாட்டு நீதிமன்றம் 2011-இல் மறுத்தது. காவல் நிலையத்தின் பின்னறையில் நடப்பது கோபன்ஹேகன் நீதிமன்றத்தில் இந்திய அரசுக்கு எதிரான வாதமாகிறது.

அங்கிருந்து அவர் 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 187-ஆவது பிரிவுக்கு வந்தார். பழைய சட்டத்தின் 167-ஆவது பிரிவில் காவலுக்கு அனுப்பப்பட்ட முதல் பதினைந்து நாள்களுக்குள் மட்டுமே போலீஸ் காவல் கேட்க முடியும் என்றே பல்லாண்டுகள் பொருள்கொள்ளப்பட்டது. இப்போது அந்தப் பதினைந்து நாள்களைக் குற்றத்தின் தன்மைக்கேற்ப முதல் நாற்பது அல்லது அறுபது நாள்களுக்குள் துண்டு துண்டாகவும் கேட்கலாம். சித்திரவதைக்கெனத் தனிக் குற்றம் இல்லாத நாட்டில் இந்த நீட்சி என்ன செய்யும் என்ற கேள்வியில் வகுப்பு இருபது நிமிடம் கூடுதலாக ஓடியது. சாத்தான்குளம் நினைவுக்கு வராத ஒருவரும் அன்று இருந்திருக்க மாட்டார்.

ஏழாவது வாரத்தில் இலங்கையிலிருந்து பேசிய வழக்கறிஞர் மறுபக்கத்தைக் காட்டினார். அங்கே 1994-இலேயே 22-ஆம் இலக்கச் சித்திரவதைச் சட்டம் இயற்றப்பட்டுவிட்டது. ஆயினும் சிங்கராசா வழக்கில், சிங்களத்தில் எழுதிக் கைநாட்டுப் பெறப்பட்ட வாக்குமூலத்தை வைத்து விதிக்கப்பட்ட நீண்ட சிறைத் தண்டனை குடிமை மற்றும் அரசியல் உரிமைகள் உடன்படிக்கைக்கு முரணானது என்று ஐ.நா. மனித உரிமைக் குழு 2004-இல் கூறியும், தனிநபர் முறையீட்டுக்கு வழிசெய்த விருப்ப நெறிமுறையில் இலங்கை இணைந்ததே அரசமைப்புக்கு ஒவ்வாதது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2006-இல் தீர்ப்பளித்தது. இந்தியாவில் சட்டம் இல்லாததையும் இலங்கையில் சட்டம் இருந்தும் உதவாததையும் அடுத்தடுத்த வாரங்களில் கேட்க வைத்த பாடத்திட்ட அமைப்பாளரைப் பாராட்ட வேண்டும்.

அந்தப் பாராட்டு எட்டாவது வாரம் தொடங்கியதும் நின்றுவிடுகிறது. மூன்று புதிய குற்றவியல் சட்டங்களுக்கு ஒதுக்கிய இரண்டு வகுப்புகளும், கொலைக்குப் பழைய பிரிவு 302 போய் 103, மோசடிக்கு 420 போய் 318 என்ற எண் அட்டவணையாகவே கழிந்தன. நூறு ரூபாய்க் கையடக்கப் பிரதியில் கிடைப்பதைப் படித்துக் காட்ட விரிவுரையாளர் வேண்டியதில்லை. கடைசி மூன்று வாரங்கள் கடல் சட்டம், பருவநிலை, இணையக் குற்றம் என்று நுனிப்புல் மேய்ந்தன.

பெரிய குறை மொழிதான். தமிழ்வழி வகுப்பு என்று விளம்பரம் செய்துவிட்டு, படிக்கத் தந்த தாள்களில் பெரும்பகுதியை ஆங்கிலத்திலேயே அனுப்பினார்கள். தமிழில் வந்த சிலவற்றிலும், 'ராட்டிஃபிகேஷன்' என்ற சொல்லுக்கு ஒரு வாரம் ஏற்புறுதி, மறுவாரம் பின்னேற்பு, இன்னொரு வாரம் வெறும் ஒப்புதல். கையொப்பத்துக்கும் ஏற்புறுதிக்கும் உள்ள இடைவெளியே பாடத்தின் உயிராக இருக்கும் இடத்தில் இதைச் சிறு பிழையென்று விட முடியவில்லை.

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் இதில் சேர வேண்டாம். அவர்களுக்கு வேண்டிய வேகம் இங்கே இல்லை. குற்றவியல் வழக்குகளையோ நிறைவேற்று மனுக்களையோ நடத்துபவர்கள் மூன்றாவது, ஆறாவது, ஏழாவது வாரங்களுக்காகச் சேரலாம். பதிவு செய்த வகுப்புகள் ஆறு மாதம் மட்டுமே திறந்திருக்கும் என்பதால் குறிப்பெடுத்துக்கொள்வது நல்லது. முதல் நாளில் தருவதாகச் சொன்ன தமிழ்க் கலைச்சொல் பட்டியல் எனக்கு இன்னும் வந்துசேரவில்லை. பழைய வழக்கு டைரி ஒன்றின் பின்பக்கங்களில் நானே எழுதத் தொடங்கி, இப்போது ஒன்பது பக்கம் ஆகியிருக்கிறது.