பள்ளி வாகனப் பயிற்சிப் பட்டறைகள்: ஏழு வருடம் போய்வந்த பிறகு

மதுரையை ஒட்டிய நாகமலைப் புதுக்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் வாகனப் பொறுப்பு என்னுடையது. பதினோரு பஸ், நான்கு வேன். 2018-லிருந்து ஆண்டுக்கு ஒன்றிரண்டு பட்டறைகளுக்காவது டிரைவர்களோடு போய்வருகிறேன். சிலவற்றுக்கு நிர்வாகம் பணம் கட்டியது. சில, மே மாத வாகன ஆய்வோடு சேர்த்து இலவசமாக நடந்தவை. யார் நடத்தினார்கள் என்று எழுதப் போவதில்லை. எங்கள் வண்டிகளில் இன்றைக்கும் எது புழக்கத்தில் இருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதல் பட்டறை மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு ஓட்டல் ஹாலில். குத்துவிளக்கு ஏற்றினார்கள், தாளாளர்கள் காபி குடித்துவிட்டுக் கிளம்பினார்கள், அப்புறம் மூன்று மணி நேரம் ஆங்கில ஸ்லைடு. 2012-ல் சென்னைப் பக்கம் பஸ் தரையில் இருந்த ஓட்டை வழியே விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி இறந்ததையும், அதற்குப் பிறகு தமிழக அரசு பள்ளி வாகனங்களுக்கென்று தனி விதிகள் கொண்டுவந்ததையும் உருக்கமாகச் சொன்னார்கள். சரி. ஆனால் பஸ் தரையை எப்படிக் குனிந்து தட்டிப் பார்ப்பது என்று காட்ட, வாசலில் ஒரு பஸ் நிற்கவில்லை. எங்கள் ஆட்களுக்கு நினைவிருப்பது மதியச் சாப்பாடுதான். சான்றிதழ் மூன்று மாதம் கழித்து, பள்ளிப் பெயரில் எழுத்துப் பிழையோடு வந்தது.

2019-ல் போனது வேறு மாதிரி. நடத்தியவர் அரசு பஸ் டிரைவர்களுக்குப் பயிற்சி கொடுத்து ஓய்வு பெற்றவர். பொறுப்பாளர்கள் எல்லோரும் அவரவர் டைம் ஷீட்டோடு வரவேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். டிரைவர்கள் பக்கத்திலேயே எங்களையும் உட்காரவைத்தார். எங்கள் ஆறாம் நம்பர் ரூட் கருமாத்தூருக்கு உள்ளே இருக்கும் ஊர்களைச் சுற்றி வருவது. 24 கிலோமீட்டர், 21 ஸ்டாப், நான் போட்டிருந்த நேரம் 50 நிமிடம். ஸ்டாப்புக்கு ஒரு நிமிடம் என்று வைத்தாலே 21 போய்விடுகிறது. மிச்சமுள்ள 29 நிமிடத்தில் 24 கிலோமீட்டர் என்றால் சராசரியே மணிக்கு 50. வேகத்தடை, ஆட்டு மந்தை, சந்தை நாள் கூட்டம் எல்லாம் அதற்குள்தான்.

அந்த ரூட் டிரைவர் மீது வேகத்துக்காக இரண்டு முறை மெமோ கொடுத்திருந்தேன். அவர் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: “நீங்க குடுத்த டயத்துக்கு பறக்கத்தான் சார் செய்யணும். சொன்னா வேற ஆளப் பாத்துருவீகன்னு இருந்துட்டேன்.”

திரும்பி வந்ததும் எல்லா ரூட்டுக்கும் கணக்குப் போட்டேன். ஆறாம் நம்பரில் ஸ்டாப்பை 14 ஆக்கி, வண்டியை 12 நிமிடம் முன்னதாக எடுத்தோம். சராசரி 30-க்கு வந்தது. “பீஸ் கட்டுறது நாங்க, நடக்குறது எம்பிள்ளையா?” என்று ஒரு வாரம் போனில் திட்டு வாங்கினேன். மெமோ இரண்டையும் கிழித்துப் போட்டேன்.

அதே பட்டறையில் கற்ற இன்னொன்று இன்றும் தினமும் நடக்கிறது. டிரைவரை சீட்டில் உட்காரவைத்து, வண்டியைச் சுற்றி ஆறு பேரைக் குந்தவைத்து எத்தனை தலை தெரிகிறது என்று கேட்டார். இருபது வருடம் ஓட்டியவருக்கு இரண்டுதான் தெரிந்தது. நாங்கள் பிள்ளைகளுக்குப் பதில் தண்ணீர் கேன் வைக்கிறோம். இரண்டு கேனை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் எல்கேஜி பிள்ளை உயரம் கிட்டத்தட்ட வந்துவிடும்.

2022-ல் வளசரவாக்கத்தில் பள்ளி வேன் மோதி இரண்டாம் வகுப்புச் சிறுவன் இறந்த பிறகு முன்னும் பின்னும் கேமரா கட்டாயமானது. நல்லதுதான். ஆனால் எங்கள் மண் ரோட்டில் மத்தியானத்துக்குள் கேமரா கண்ணில் புழுதி அப்பிவிடும். ஆயா இறங்கி விசில் ஊதாமல் ரிவர்ஸ் கிடையாது என்பதை நாங்கள் விடவில்லை.

ஆயா என்றதும் என் பெரிய குறையைச் சொல்லிவிடுகிறேன். நான் போன பட்டறைகளில் ஒன்றுக்குக்கூட ஆயாக்களை அழைத்ததில்லை. பிள்ளையைக் கைபிடித்து இறக்குவதும், கடைசி சீட் வரை போய் யாராவது தூங்குகிறார்களா என்று பார்ப்பதும் அவர்கள்தான். ஒருமுறை யுகேஜி பிள்ளை ஒன்று ஷெட் வரை தூங்கியபடியே போய்விட்டது. வண்டி கழுவ ஏறியவர் பார்த்ததால் பிழைத்தோம். அதன் பிறகு “வண்டி காலி” என்ற தகரப் பலகையைக் கடைசி சீட்டில் தொங்கவிட்டோம். ஆயா அதை எடுத்து வந்து என் மேஜையில் வைத்தால்தான் டிரிப் முடிந்த கணக்கு.

தீயணைப்பான் பயிற்சி எல்லாப் பட்டறையிலும் உண்டு. ஒருவர் செய்ய நாற்பது பேர் பார்ப்பார்கள். பின்னைப் பிடுங்கி, காற்றுக்கு முதுகு காட்டி, தீயின் அடியைப் பார்த்து அடிக்க வேண்டும். சொன்னால் எளிது, முதல் தடவை எல்லோரும் ஜுவாலையின் மேலேதான் அடிக்கிறார்கள். பவுடர் சில விநாடிகளில் தீர்ந்துவிடும். காலாவதி ஆகப்போகும் சிலிண்டர்களை ரீஃபில்லுக்குக் கொடுக்கும் முன் ஆளுக்கொன்றாக அடிக்கச் சொல்லுங்கள். தனிச் செலவு இல்லை.

ரயில்வே கேட் பற்றி, 2025 ஜூலையில் கடலூர் பக்கம் செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் மீது ரயில் மோதிய பிறகுதான் விரிவாகப் பேசக் கேட்டேன். எங்கள் பக்கம் அது முன்பே வேண்டியிருந்தது. மதுரை-போடி ரயில் பாதையில் 2010 கடைசியில் நின்ற ரயில், தேனி வரை திரும்ப ஓடியது 2022 மே மாதத்தில்தான். தண்டவாளத்தைக் கண்டால் ஆக்சிலேட்டரிலிருந்து காலைக்கூட எடுக்காத பழக்கம் அந்த இடைவெளியில் வந்தது. கேட் திறந்திருந்தாலும் நிறுத்தி, இரு பக்கமும் பார்த்து எடு என்பதை மூத்த டிரைவர்களிடம்தான் அதிகம் மல்லுக்கட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பட்டறைகள் பெரும்பாலும் மே மாதத்தில். ஜூனில் இரண்டு டிரைவர் வேறு வேலைக்குப் போய், ஆக்டிங் டிரைவர் வந்து நிற்பார். படித்தது ஒருவர், ஓட்டுவது இன்னொருவர். அதனால் புதிதாக வருபவருக்கு முதல் நாள் காலை ஐந்தரைக்கே எங்கள் மைதானத்தில் வகுப்பு. போன ஜூனில் வந்த தம்பி, “என்ன சார், வண்டிக்கு முன்னால யாரோ தண்ணி கேன அடுக்கி வச்சிருக்காக?” என்று எடுத்து ஓரமாக வைக்கப் போனார். இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, மேலே ஏறி உட்கார்ந்து பார்க்கச் சொன்னேன்.