பக்கத்து மலைக்கு ட்ரெக்கிங் போல் (மலையேற்றக் கைத்தடி) தேவையா? ஓர் அலுமினிய ஜோடியை வைத்துச் சொல்கிறேன்

காலையில் பஸ் பிடித்துப் போய் ஏறி, மாலைக்குள் வீடு திரும்பிவிடக்கூடிய மலைக்கு எதற்குக் கைத்தடி என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ஏறுவதற்கு இல்லை, இறங்குவதற்குத்தான். ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற பாதை என்றாலே கூட்டம், அத்தனை கால்களும் பட்டுப் பட்டுப் பாறை வழவழப்பாகிவிடும், மண் உள்ள இடத்தில் புல் செத்துப்போய் சரளைக்கல் உருளும், நடுநடுவே முழங்கால் உயரத்துக்குக் கல்படிகள் வேறு. ஏறும்போது இதெல்லாம் பெரிதாகத் தெரியாது. இறங்கும்போது ஒவ்வோர் அடியிலும் உடம்பின் வேகத்தைத் தொடைத் தசைதான் பிடித்து நிறுத்த வேண்டும், மறுநாள் மாடிப்படி இறங்க முடியாமல் தவிப்பது இதனால்தான்.

நான் வைத்திருப்பது ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகும் மூன்று துண்டு அலுமினியத் தடிகள், நீளத்தை நிறுத்தி வைக்கச் சின்ன நெம்புகோலை மடக்கி மூடும் லிவர் பூட்டு, கார்க் பிடி, டங்ஸ்டன் கார்பைடு என்ற மிகக் கடினமான பொருளில் முனை. இறக்கத்தில் இதன் பலன் உடனே தெரிகிறது. வெறும் மனத்திருப்தி என்று நினைக்க வேண்டாம், 1999இல் வெளியான ஓர் ஆய்வில் 25 டிகிரி சரிவில் தடியோடு இறங்கியவர்களுக்கு முழங்கால் மூட்டில் விழும் விசை 12 முதல் 25 சதவீதம் வரை குறைந்ததாக அளந்திருக்கிறார்கள். ஆனால் மூச்சு வாங்குவது குறையும் என்று எதிர்பார்க்காதீர்கள், கைகளும் வேலை செய்வதால் இதயத்துக்கு வேலை குறைவதில்லை.

வாங்கும்போது எடையைவிடப் பூட்டைப் பாருங்கள். திருகிப் பூட்டும் வகையில் தூசியோ ஈரமோ உள்ளே போனால், உடம்பின் பாரத்தைப் போடும் அந்த நொடியில் தடி சுருங்கிவிடலாம். லிவர் வகையில் தளர்வு வந்தால் பக்கத்திலுள்ள திருகைக் கொஞ்சம் இறுக்கினால் போதும், கையுறை போட்டுக்கொண்டேகூடத் திறந்து மூடலாம். கார்பன் இழைத் தடி இலேசாக இருக்கும், வாஸ்தவம்தான், ஆனால் பாறை இடுக்கில் மாட்டிப் பக்கவாட்டில் அழுத்தம் வந்தால் பட்டென்று முறியக்கூடியது. அலுமினியம் வளையும், வளைந்ததை ஊன்றியாவது கீழே வந்து சேரலாம். அதிர்வைக் குறைக்க உள்ளே ஸ்பிரிங் வைத்த வகைக்குக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை என்பது என் கருத்து.

நீளம் மிக முக்கியம், சமதளத்தில் ஊன்றி நின்றால் முழங்கை செங்கோணமாக இருக்க வேண்டும், ஏற்றத்தில் ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் குறைத்து, இறக்கத்தில் அதே அளவு கூட்டிக்கொள்ளுங்கள். அப்புறம் பிடியில் இருக்கும் வார். பலர் கையை மேலிருந்து நுழைக்கிறார்கள். கீழிருந்து மேலாக நுழைத்து, வாரையும் சேர்த்துப் பிடித்தால்தான் பாரம் மணிக்கட்டில் இறங்கும், விரல்கள் வலிக்காது. கையால் பிடித்து ஏற வேண்டிய பாறை வந்தால் முதலில் வாரைக் கழற்றிவிட்டுத் தடியைப் பையில் கட்டிவிடுங்கள்.

குறை என்றால் முனையில் மாட்டும் ரப்பர் மூடிதான். பாறையிலும் தார்ப்பாதையிலும் அது அவசியம், இல்லையென்றால் முனை பாறையைக் கீறும், டக் டக் சத்தம் முன்னால் போகிறவர்களையும் எரிச்சலூட்டும். ஆனால் இந்த ஜோடியோடு வந்தது சேற்றில் ஒரே இழுப்பில் கழன்று போய்விட்டது, இறுக்கமானதாகத் தனியே வாங்க வேண்டியிருந்தது. நீள அளவு எண்களும் வேகமாக அழிந்துவிட்டன. சுருக்கினாலும் பையிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, பஸ்ஸிலோ ரயிலிலோ போகிறவர்களுக்கு மடக்கும் வகைதான் வசதி.

கூட்டமான பாதையில் தடியை அக்குளில் செருகிக்கொண்டு மட்டும் நடக்காதீர்கள், முனை பின்னால் வருகிறவர் முகத்துக்கு நேராக இருக்கும், அதிலும் குழந்தைகள் வருகிற பாதை. மழையில் நனைந்தால் துண்டுகளைத் தனித்தனியே உருவிக் காயவைத்துவிடுங்கள், எண்ணெய் மட்டும் போட வேண்டாம், பூட்டு வழுக்க ஆரம்பித்துவிடும்.