வால்வு ஆம்பா, டிஜிட்டல் ஆம்பா: பழுதானால் யாரிடம் கொண்டுபோவது?

கிட்டார் வாசிப்பதைவிடக் கிட்டாருக்கான சாமான்களைச் சேர்ப்பதில்தான் எனக்கு ஈடுபாடு அதிகம் என்று வீட்டில் சொல்வார்கள். அதை மறுத்துப் பேசி நான் இதுவரை வென்றதில்லை. மாதச் சம்பள வேலை, பாளையங்கோட்டையில் வீடு, இரவு ஒன்பது மணிக்கு மேல் ஒரு மணி நேரம் சாதகம், ஞாயிறுதோறும் ஆலயப் பாடகர் குழுவோடு வாசிப்பு என்ற அளவில் என் இசை வாழ்க்கை அடங்கிவிடும். இதற்குக் கிட்டாரின் ஒலியைப் பெருக்கித் தரும் ஆம்ப் ஒன்றே ஒன்று போதும். அந்த ஒன்று டிஜிட்டல் மாடலிங் ஆம்பாக இருக்க வேண்டுமா, வால்வு ஆம்பாக இருக்க வேண்டுமா என்பதை இரண்டையும் காசு கொடுத்து வாங்கிப் பார்த்தே தெரிந்துகொண்டேன். இப்போது என் அறையில் இருப்பது 15 வாட் வால்வு ஆம்ப். ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்கப் போவதில்லை.

எல்லோரும் அறிந்தவற்றை விரைவாகக் கடந்துவிடலாம். மாடலிங் ஆம்ப் என்பது பழைய ஆம்ப்களின் ஒலியைக் கணக்காக மாற்றி ஒரு சிப்புக்குள் ஓட்டுவது. 1990களின் இறுதியில் பரவத் தொடங்கிய இந்த நுட்பம் இன்று நன்றாகவே முதிர்ந்துவிட்டது. ஒரே பெட்டியில் பல ஆம்ப்களின் ஒலி, எக்கோ, ரிவெர்ப் (பெரிய கூடத்தில் வாசிப்பது போன்ற முழக்கம்), கணினியில் நேரடியாகப் பதிவு செய்யும் வசதி, ஹெட்போன் துளை எல்லாம் கிடைக்கின்றன. எடை குறைவு, விலையும் குறைவு. வால்வு என்ற கண்ணாடிக் குழல்களால் ஒலியைப் பெருக்கும் வால்வு ஆம்பில் இவை பெரும்பாலும் கிடையா. கிடைப்பது இரண்டொரு குமிழ்கள், கண்ணாடிக்குள் செம்மஞ்சளாக எரியும் இழை, விரலின் அழுத்தம் கூடக் கூட மெல்ல மெல்லக் கரகரக்கும் ஒலி. அந்தக் கரகரப்பு வாசிப்பவரின் கைக்குத் தெரிகிற அளவுக்குக் கேட்பவரின் காதுக்குத் தெரிவதில்லை என்பது என் எண்ணம். பாடகர் குழுவில் எனக்குப் பக்கத்தில் நின்று பேஸ் வாசிப்பவரே நான் ஆம்பை மாற்றியதை மூன்று வாரம் கவனிக்கவில்லை.

சத்த விஷயத்தில் மாடலிங் ஆம்ப் தெளிவாகவே வெல்கிறது. 15 வாட் என்ற எண்ணைப் பார்த்துச் சின்னது என்று நினைத்து வாங்குகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். ஆம்பின் திறனைப் பத்தில் ஒன்றாக்கி 1.5 வாட்டுக்குக் கொண்டுவந்தாலும் காதுக்குச் சத்தம் ஏறத்தாழப் பாதியாகத்தான் குறையும். வால்வு ஆம்போ, ஓரளவு உரக்க வைத்தால்தான் தன் உண்மையான குணத்தைக் காட்டும். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள் உள்ள தெருவில் இரவு பத்து மணிக்கு அதை அப்படி வைத்தால், அடுத்த வீட்டுப் பெரியம்மா மறுநாள் காலையில் கோலம் போட்டுக்கொண்டே "ராத்திரி உங்க வீட்ல என்ன விசேஷம்?" என்று கேட்பார்கள், கேட்டார்கள். ஸ்பீக்கருக்கும் ஆம்புக்கும் நடுவே திறனைக் குறைக்கும் ஒரு பெட்டியை வைத்து இப்போது சமாளிக்கிறேன். வாடகை வீட்டில் இருப்பவரும், இரவில் மட்டுமே வாசிக்க முடிந்தவரும் இதற்கு மேல் படிக்காமல் மாடலிங் ஆம்பையே வாங்கிக்கொள்ளலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் நான் வால்வு பக்கம் சாய்வதற்குக் காரணம் ஒன்றே ஒன்று: பழுது.

என் முதல் ஆம்ப் மாடலிங் வகை. மூன்று ஆண்டுகள் குறை சொல்ல முடியாதபடி உழைத்தது. ஓர் ஐப்பசி மாலையில் இடியும் மின்னலுமாக மழை பிடித்துக்கொண்டபோது அதன் பிளக்கைப் பிடுங்க மறந்துவிட்டேன். தவறு என்னுடையதுதான், அதே இடத்தில் வால்வு ஆம்ப் இருந்திருந்தாலும் தப்பியிருக்கும் என்று சொல்ல மாட்டேன். மறுநாள் விளக்கு எரிந்தது, ஒலி வரவில்லை. நம் ஊரில் அதைத் திறந்து பார்த்த இருவரும், அரிசிக் குறுணை அளவில் ஒட்டியிருந்த உறுப்புகளைப் பார்த்துவிட்டு மூடிக் கொடுத்தார்கள். சென்னைக்குப் பார்சலில் அனுப்பினேன். ஏழு வாரம் கழித்து, போர்டையே மாற்ற வேண்டும், அந்த மாடலுக்கான போர்டு இப்போது வருவதில்லை என்ற பதிலோடு ஆம்ப் திரும்பி வந்தது. போக வர பார்சல் செலவு என் தலையில். இதில் பழுது பார்ப்பவரின் திறமைக் குறைவு எதுவும் இல்லை. கருகிப்போன சிப்பைப் போலவே இன்னொரு சிப்பைத் தேடிப் பிடித்து ஒட்டினாலும், அதற்குள் இருக்க வேண்டிய நிரல் நிறுவனத்திடம் மட்டுமே இருக்கும். பொருள் என்னுடையது, அதன் உயிர் வேறொருவருடையது என்ற நிலைமை அது.

அடுத்து வாங்கிய வால்வு ஆம்ப், வெளிநாட்டு வேலைக்குப் புறப்பட்ட தூத்துக்குடிக்காரர் ஒருவரிடமிருந்து பழையதாக வந்தது. 1958ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளியான வாக்ஸ் ஏ.சி.15 என்ற ஆம்பின் வழியில் அமைந்தது. முன்பகுதியில் 12ஏஎக்ஸ்7 வால்வுகள், பின்பகுதியில் இரண்டு ஈஎல்84 வால்வுகள். வந்து எட்டு மாதத்தில் அதுவும் பழுதானது. குமிழைச் சுழியத்தில் வைத்தாலும் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் விடாமல் கேட்டது. கிட்டாரை எடுத்து ஒத்துப் பார்த்தேன். ஆறாம் தந்தியின் மூன்றாம் கட்டில் வரும் ஜி சுரத்துக்கு மயிரிழை மேலே நின்றது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதை ஒரே திசையில் ஓடும் நேர்மின்சாரமாக மாற்றும்போது மிஞ்சும் அலை 100 ஹெர்ட்ஸ். அந்த ஜி சுரம் 98. ஆக, கோளாறு மின்சாரத்தை வடிகட்டும் பகுதியில் இருக்க வேண்டும் என்பது வரை என் அறிவு போயிற்று. அதற்கு மேல் போகவில்லை.

பதினாறு கிலோ எடையுள்ள அந்தப் பெட்டியை ஆட்டோவில் ஏற்றி, வண்ணார்பேட்டை வழியாகச் சுலோசன முதலியார் பாலத்தைக் கடந்து, ஈரடுக்கு மேம்பாலமும் ஏறி இறங்கி, திருநெல்வேலி டவுனில் ரத வீதியை ஒட்டிய ஒரு சந்தில் இருக்கும் ரேடியோ கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்கார அண்ணாச்சிக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். கிட்டார் ஆம்ப் எதையும் அவர் அதுவரை திறந்ததில்லை. பின்பலகையைக் கழற்றி, கண்ணாடிக் குழலில் எழுதியிருந்ததை உதட்டசைத்துப் படித்தவர் நிமிர்ந்து பார்த்தார். "தம்பி, இது நம்ம பழைய ரேடியோல கெடக்க வால்வுல்லா! இதுக்கு எதுக்கு மெட்ராஸ் போகணும்?" என்றார்.

அவர் சொன்னதில் மிகை எதுவும் இல்லை. ஈஎல்84 ஆம்புக்கென்று பிறந்ததன்று. வீட்டு ரேடியோக்களில் ஸ்பீக்கரை ஓட்டப் பயன்பட்ட வால்வு அது. பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனமே ஒரு காலத்தில் அதைத் தயாரித்தது. 1963 டிசம்பரில் திருநெல்வேலி வானொலி நிலையம் ஒலிபரப்பைத் தொடங்கியபோதும், அதற்கு முன்னரே இலங்கை வானொலியைக் கேட்டுப் பழகியபோதும் இந்த வட்டாரத்து வீட்டுக் கூடங்களில் இருந்தவை பெரும்பாலும் வால்வு செட்டுகள்தாம். அவற்றைப் பழுது பார்த்து வளர்ந்த தலைமுறையில் கடைசிச் சிலரில் அண்ணாச்சி ஒருவர். கிட்டார் ஆம்பின் பூர்வீகமும் அதே தொழில்தான். ஃபெண்டர் கிட்டார், ஆம்ப் நிறுவனத்தைத் தொடங்கிய லியோ ஃபெண்டர் 1938இல் கலிபோர்னியாவின் ஃபுல்லர்டனில் முதலில் திறந்தது ஒரு ரேடியோ பழுது பார்க்கும் கடை; கடைசி வரை அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. 1960களின் தொடக்கத்தில் லண்டனில் உருவான முதல் மார்ஷல் ஆம்ப், ஃபெண்டரின் பேஸ்மேன் ஆம்பைப் பார்த்துச் செய்யப்பட்டது. அமெரிக்காவில் பிறந்தாலும் இங்கிலாந்தில் பிறந்தாலும் இந்த ஆம்ப்களின் மின்சுற்று, டவுனில் சால்டரிங் அயர்ன் பிடித்த ஒருவருக்குப் படித்தவுடன் புரிகிற மொழியில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

அவர் வேலை செய்ததைப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். வால்வு ஆம்புக்குள் பெரும்பாலும் 300 வோல்ட்டுக்கும் குறையாத நேர்மின்சாரம் ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டன்சர்களில் அது தங்கியிருக்கும். முதலில் ஒரு ரெசிஸ்டரின் இரு முனைகளிலும் வயர் பற்றவைத்து, கண்டன்சர்களின் மேல் வைத்து மின்சாரத்தை வடியவிட்டு, மீட்டரில் சுழியம் வரும்வரை காத்திருந்தார். பிறகு மின்சாரம் கொடுத்துச் சோதித்தபோதெல்லாம் அவருடைய இடக்கை சட்டைப்பைக்குள்ளேயே இருந்தது. ஒரு கையால் மட்டும் தொட்டால் மின்சாரம் மார்பைக் கடந்து போக வழி குறையும் என்பது அந்தத் தொழிலின் பழைய பாடம். மின்சாரத்தை வடிகட்டும் கண்டன்சர்களில் மூன்று உலர்ந்துபோயிருந்தன. 450 வோல்ட் தாங்கும் கண்டன்சர்கள் திருநெல்வேலி ஜங்ஷன் கடைகளில் சாதாரணமாகக் கிடைத்தன. அவற்றை மாற்றியதும் இரைச்சல் அடங்கியது. பிறகு காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, அதன் மரமுனையால் ஒவ்வொரு வால்வையும் மெல்லத் தட்டினார். மூன்றாவது வால்வைத் தட்டியபோது ஸ்பீக்கரிலிருந்து கோயில் மணி போல 'டிங்' என்று ஒலி எழுந்தது. "இது சாகப்போகுது, இப்பவே மாத்திரு" என்றார். கூலியும் கண்டன்சர் விலையும் சேர்த்து அவர் வாங்கியது 650 ரூபாய். என் முதல் ஆம்புக்கான பார்சல் செலவே அதைவிட அதிகம்.

வால்வு மாற்றுவது தனிச் செலவு. ஈஎல்84 ஜோடியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும். என் ஆம்பின் வகையில் கேத்தோடு ரெசிஸ்டர் என்ற உறுப்பு வழியாகவே வால்வுக்கான மின்னழுத்தம் தானாக அமைந்துவிடுவதால், பழையதைப் பிடுங்கிப் புதியதைச் செருகினால் போதும். வேறு பல ஆம்ப்களில் ஒவ்வொரு முறையும் அளந்து திருத்த வேண்டும். நம் பக்கத்து மின்னழுத்த ஏற்ற இறக்கத்துக்காக ஒரு ஸ்டெபிலைசரும் வைத்திருக்கிறேன். மாலையில் 205, நள்ளிரவில் 245 என்று என் வீட்டிலேயே மீட்டர் காட்டியிருக்கிறது. மின்மாற்றி எரிந்தால்கூட நம் மாவட்டத்தில் முழுக்க நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர் இல்லாத ஊர் இங்கே குறைவு. மெயின் டிரான்ஸ்ஃபார்மரை அவர்களால் சுற்றிவிட முடியும் என்று அண்ணாச்சி உறுதியாகச் சொல்கிறார். ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் அப்படியன்று. அதில் இரண்டு சுற்றுகளையும் அடுக்கடுக்காக மாற்றி மாற்றிச் சுற்ற வேண்டும். அதை இங்கே கட்டிப் பார்த்த அனுபவம் எனக்கில்லை. ஸ்பீக்கர் வயரை இணைக்காமல் ஆம்பை ஓட்டினால் முதலில் கெடுவதும் அதுதான் என்பதால், அந்த வயரை நான் தொடுவதே இல்லை.

என் கட்சியில் இருக்கும் ஓட்டைகளையும் சொல்லியாக வேண்டும். இன்று கிட்டார் ஆம்புக்கான வால்வுகளைப் பெருமளவில் தயாரிப்பவை ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா ஆகிய நாடுகளின் விரல்விட்டு எண்ணத்தக்க தொழிற்சாலைகளே. 2022இல் உக்ரைன் போர் தொடங்கியபோது ரஷ்ய வால்வுகளின் ஏற்றுமதி தடைபட்டு, விலை எகிறி, கடைகளில் இருப்பும் குறைந்தது. கண்டன்சருக்கு ஜங்ஷன் போதும், வால்வுக்கு ரஷ்யாவில் வால்வு ஆலை இருக்கும் சரதோவ் நகரை நம்ப வேண்டும் என்றால் என் வாதத்தின் பாதிக் கால் நொண்டிதான். அதனால் ஒரு ஜோடி ஈஎல்84, இரண்டு 12ஏஎக்ஸ்7 ஆகியவற்றைப் பஞ்சு சுற்றி அலமாரியில் வைத்திருக்கிறேன். அடுத்த ஓட்டை இதைவிடப் பெரியது. அண்ணாச்சிக்குப் பிறகு அந்தக் கடையில் வால்வு தெரிந்தவர் எவரும் இல்லை. அவர் மகன் அதே மேசையின் மறுபக்கத்தில் செல்போன் பழுது பார்க்கிறார், அதில்தான் வருமானம். இன்னும் பத்தாண்டு கழித்து இந்தக் கட்டுரையை எழுதினால் என் முடிவு மாறிப்போகலாம். மேலும், என் அனுபவம் ஒவ்வொரு வகையிலும் ஒரே ஓர் ஆம்ப் அளவுதான். விலை உயர்ந்த மாடலிங் பெட்டிகளை நான் சொந்தமாக வைத்துப் பார்த்ததில்லை. உத்தரவாதக் காலம் முடிவதற்குள் கெட்டுப்போகும் ஆம்புக்கும் இந்த வாதம் பொருந்தாது. அந்த உத்தரவாதக் காலத்துக்குள் எதுவும் கெடுவதில்லை என்பது வேறு கதை.

மறுவிற்பனையில் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. புதிய மாடல் வந்த மறுநாளே பழைய மாடலிங் ஆம்பின் விலை இறங்கிவிடும். வால்வு ஆம்பை நான் வாங்கிய 32,000 ரூபாய்க்கே கேட்டு நாகர்கோவிலிலிருந்து ஒருவர் இருமுறை வந்து போய்விட்டார்.

பழையதாக வாங்குகிறவர்கள் பின்பலகையில் 230 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்தவை பெரும்பாலும் 120 வோல்ட் ஆம்ப்கள். குமிழைச் சுழியத்தில் வைத்து அரை மணி நேரம் காது கொடுத்துக் கேட்க வேண்டும். பென்சில் ஒன்றையும் எடுத்துப் போகலாம். வால்வு ஆம்ப் என்று பெயர் இருந்தாலும் உள்ளே எல்லாம் வால்வு என்று நம்பிவிடவும் கூடாது. என் ஆம்பிலேயே ரிவெர்ப் பகுதி ஒரு சிப்பில்தான் ஓடுகிறது என்பதை அண்ணாச்சி திறந்தபோதுதான் தெரிந்துகொண்டேன். அந்தச் சின்னப் போர்டை டார்ச் அடித்துப் பார்த்தவர், "இது ஓடுத வரைக்கும் ஓடட்டும் தம்பி" என்று சொல்லிப் பலகையை மூடினார். அது இன்னும் ஓடுகிறது.