ஹட்டன் மேடையில் ஒரு ஜாஸ் இசை நாடகம்: வாத்தியக்காரர் இருந்த வரைக்கும்

கண்டியில் பயிற்சி நடத்திவரும் இளம் நடனக் குழுவொன்று சென்ற மாதம் மலையக நகரமான ஹட்டனில் மேடையேற்றிய இசை நாடகத்தை ஒரே நிகழ்ச்சியாக எடுத்துக்கொண்டு மதிப்பிட முடியவில்லை. இடைவேளைக்கு முன்பு வாத்தியக்காரர்கள் மேடையோரத்தில் அமர்ந்து வாசித்தபோது பார்த்தது ஒன்று. இடைவேளைக்குப் பின்பு அவர்களுடைய நாற்காலிகள் காலியாகி, மடிகணினியிலிருந்து பதிவிசை ஒலிக்கத் தொடங்கியபோது பார்த்தது இன்னொன்று. ஆடியவர்கள் அதே பன்னிரண்டு பேர்தான், பயிற்சியும் அதேதான். ஆனால் முற்பாதிக்கு என்ன விலை கேட்டாலும் கொடுக்கலாம். பிற்பாதியைப் போன்றதை ஏதாவதொரு நடன வகுப்பின் ஆண்டு விழாவில் இலவசமாகவே பார்த்துவிடலாம்.

கதையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தேயிலைத் தோட்டத்தில் பிறந்து கொழும்பு புறக்கோட்டைத் துணிக்கடையில் வேலை செய்யும் தம்பி தீபாவளிக்கு ஊர் வருகிறான். கொழுந்து பறிக்கும் அக்கா அவனைத் திரும்பிப் போகவிடவும் முடியாமல், இருக்கச் சொல்லவும் முடியாமல் தவிக்கிறாள். மலையகத்தில் இதைக் கதை என்று யாரும் சொல்லமாட்டார்கள், பக்கத்து வீட்டு விடயம் என்பார்கள். இசை நாடகத்துக்கு அவ்வளவு கதை போதும்.

ஜாஸ் நடனம் என்றதும் கால்களை உயரத் தூக்குவதும் விரல்களை விரித்துக் காட்டுவதும் மட்டுமே பலருக்கு நினைவுக்கு வருகின்றன. அமெரிக்கக் கறுப்பின மக்களின் சமூக ஆட்டங்களில் பிறந்த இக்கலைக்கு மேடை வடிவம் கொடுத்தவர்களில் முதன்மையானவராகக் கருதப்படும் ஜாக் கோல் (1911–1974) பரதநாட்டியம் பயின்றவர் என்பதும், 1930களில் நியூயோர்க்கின் இரவு விடுதிகளில் ஸ்விங் என்ற ஜாஸ் வகை இசைக்கு அந்த அடவுகளை ஆடிக் காட்டியவர் என்பதும் நம்மவர்கள் அறிந்திருக்க வேண்டிய செய்தி. கழுத்தை மட்டும், தோளை மட்டும், இடுப்பை மட்டும் தனியே பிரித்து அசைக்கும் ஜாஸ் முறையைப் பார்க்கும்போது, பரதத்தின் கழுத்தசைவான அட்டமி போடத் தெரிந்த எந்தப் பிள்ளைக்கும் அது முற்றிலும் அந்நியமாகத் தோன்றாது. இக்குழுவில் ஆடியவர்களிற் பலர் பரதத்தில் தொடங்கியவர்கள் என்பது அவர்கள் அரைமண்டிக்கு இறங்கும் விதத்திலேயே தெரிந்தது. உடலின் பாரத்தைக் கீழே வைத்துக்கொண்டு மேற்பகுதியைச் சுதந்திரமாக விடுவது அவர்களுக்கு இயல்பாகவே வந்தது.

அந்தப் பயிற்சியே சில இடங்களில் இடைஞ்சலாகவும் இருந்தது. பரதத்தில் பாதம் தாளத்தின்மேல் விழ வேண்டும், விழாவிட்டால் பிழை. ஸ்விங் இசையிலோ ஒரு தட்டைச் சமமாக இரண்டாகப் பிரிக்காமல், தகிட என்ற மூன்றில் நடுவெழுத்தை விழுங்கிவிட்டுச் சொல்வதுபோல் நீட்டியும் குறுக்கியும் பிரிப்பார்கள். ஆட்டக்காரரின் உடலும் அந்தக் கடைசித் துண்டில்தான், தட்டுக்குச் சற்று முன்னதாகவோ பின்னதாகவோ, துள்ள வேண்டும். தொழிலாளர் காலையில் வேலைக்குக் கூடும் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடும் தொடக்கக் காட்சியில் பன்னிரண்டு பேரும் அணிவகுப்புப் போல ஒரே நொடியில் கால் பதித்தார்கள். கட்டுப்பாடு இருந்தது, ஊசலாட்டம் இல்லை. ட்ரம்ஸ் வாசித்தவர் இதைக் கவனித்திருக்க வேண்டும். மூன்றாவது பாட்டுக்குள் அவர் தாளத்தைக் கொஞ்சம் பின்னிழுத்துப் பிடிக்க, ஆட்டமும் அவரைப் பின்தொடர்ந்து தளர்ந்து கொடுத்தது. நேரடி இசையின் பயனை அதற்குமேல் விளக்கத் தேவையில்லை.

முற்பாதியின் உச்சம் கொழுந்து நிறுக்கும் காட்சி. தலைக்கயிறு நெற்றியில் அழுந்த, முதுகில் கூடையுடன் ஆறு பெண்கள் வரிசையாக வருகிறார்கள்; கூடைக்குள் எதுவும் இல்லை என்று நமக்குத் தெரிந்தும் அவர்களுடைய கழுத்து நரம்பு அதை நம்பவைக்கிறது. தராசு கிடையாது. ஓர் ஆட்டக்காரியின் முழங்கை முதல் விரல்நுனி வரையிலான கைதான் முள். ஒவ்வொரு கூடைக்கும் அது நடுங்கி நடுங்கி ஏறி நிற்கிறது. கணக்குப்பிள்ளையாக வந்த இளைஞர் தொப்பியைப் புருவத்துக்கு இறக்கி, முழங்கால்களை உட்புறமாகத் திருப்பி, தோளை உருட்டியபடி நடந்தார். அது பொப் ஃபொஸி (1927–1987) என்ற அமெரிக்க நடன அமைப்பாளரின் சாயல் என்பது அத்துறையை அறிந்தவர்களுக்குத் தெரியும். வழுக்கையை மறைக்கத் தொப்பியையும், தமது கால்கள் வெளிப்புறம் சரிவரத் திரும்பாததால் உட்புறம் திருப்பிய நிலைகளையும் பாணியாக்கிக்கொண்டவர் அவர். இங்கே அந்தப் பாணி வெறும் அலங்காரமாக நிற்கவில்லை. சுண்டுவிரலை மட்டும் ஒருமுறை மடக்கி, அந்தக் கணக்குப்பிள்ளை முள்ளை இரண்டு கிலோ இறக்கினார். ஈரத்துக்கென்று கழிக்க இன்னொரு விரல், கூடைக்கென்று கழிக்க இன்னொரு விரல். எனக்குப் பின்வரிசையில் இருந்த அம்மா ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம், “அப்படியே நம்ம கணக்கப்புள்ளதான்டி” என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அக்காவுக்கு அன்று அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான், விழுகிறது என்பதை வசனமே இல்லாமல் மண்டபம் முழுவதும் விளங்கிக்கொண்டது.

அதே காட்சியின் முடிவில் ட்ரம்ஸும் தப்பும் நான்கு நான்கு தாளக்கட்டுகளாக மாறி மாறி வாசித்தன. ஜாஸ் வாத்தியக்காரர்களுக்கு இது அன்றாடப் பழக்கம். நம் கச்சேரிகளின் தனி ஆவர்த்தனத்திலும் இத்தகைய கேள்வி பதில் உண்டு. ஆனால் தப்பின் அடிகுச்சியும் சிண்டுகுச்சியும் ட்ரம்ஸின் பிரஷ் குச்சிகளோடு பேசுவதை நான் வேறெங்கும் கேட்டதில்லை. மழைக்காலக் குளிரில் தோல் தளர்ந்து தப்பு மந்தமாகிவிடும் என்பதால், முறை வருவதற்குச் சற்று முன்பு அந்தக் கலைஞர் எழுந்து, மண்டபத்தின் பின்வாசலில் காகிதம் கொளுத்தி வாத்தியத்தைக் காய்ச்சிக்கொண்டு வந்தார். வாசித்தவரின் பெயர் நிகழ்ச்சி நிரலில் இல்லை. கீபோர்ட் வாசித்தவர் பெயர் இருக்கிறது, ஒளியமைப்பாளர் பெயர் இருக்கிறது, அனுசரணையாளர்களின் பெயர்கள் இரண்டு பக்கத்துக்கு இருக்கின்றன.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்லவேண்டும். தொடக்க உரையாற்றியவர், மலையகத்துக்கு இசை நாடகம் முதன்முறையாக வந்திருப்பதாகப் பெருமைப்பட்டார். மாசி மாதத்தில் காமன் கூத்தும், பிற காலங்களில் அருச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் ஆடப்படும் தோட்டங்களிலிருந்து வந்தவர்களிடம் இதைச் சொல்வது அறியாமை. பாடி, பேசி, ஆடி, மூன்றையும் ஒரே ஆளிடம் எதிர்பார்ப்பதுதான் மேலைநாட்டு இசை நாடகத்தின் இலக்கணம் என்றால், ஒலிவாங்கியில்லாமல் விடிய விடிய அதைச் செய்யும் காமன் கூத்தின் ரதியும் மதனும் தோட்டத்து லயன் வீட்டு வாசலிலேயே இருக்கிறார்கள். நல்ல வேளையாக, குழுவினர் தங்கள் விருந்தினரைவிட விடயம் தெரிந்தவர்கள். தம்பி கொழும்புக்குப் பஸ் ஏறியபின் அக்கா பாடும் பாட்டை ரதியின் புலம்பல் மெட்டின் சாயலில் அமைத்து, பேஸ் கிட்டார் ஒன்றை மட்டும் துணைக்கு வைத்திருந்தார்கள். அந்தப் பெண் சுரங்களுக்கு நடுவே குரலை இழுத்துச் சறுக்கியபோது, அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோகப் பாட்டான புளூஸ் இசைக்கும் நம் ஒப்பாரிக்கும் இடையே பாலம் கட்ட அவர்கள் தனியே பாடுபடவில்லை என்பது தெரிந்தது. தலையில் பொருத்திய ஒலிவாங்கி கரகரத்ததையும் மீறி அந்தப் பாட்டு நின்றது. மற்றப் பாடல்களில் சொற்கள் அவ்வளவாகக் காதில் விழவில்லை. நெடில் வரவேண்டிய இடத்தில் மெட்டு குறுகியும் குறிலில் நீண்டும் போனதால், தமிழ்ப் பாட்டைத் தமிழர்களே ஊகித்துக் கேட்க வேண்டியிருந்தது.

பிற்பாதி புறக்கோட்டையில் நடக்கிறது. துணிச் சுருள்களை வீசிப் பிடித்து, ஒரே நிறச் சட்டையில் பன்னிரண்டு பேரும் ஆடும் கடைக் காட்சி, உடற்பயிற்சி என்ற அளவில் நிகழ்ச்சியிலேயே மிகச் சுத்தமானது. கால்கள் உயர்ந்தன, சுழற்சிகள் தடுமாறவில்லை. ஆனால் பதிவிசைக்குக் கண் கிடையாது. உடை மாற்றத்தில் தாமதமாகி நாயகன் உள்ளே வர முடியாமல் போனபோது, வாத்தியக்காரர்கள் இருந்திருந்தால் அவன் வரும்வரை அதே நான்கு கட்டுகளைத் திரும்பத் திரும்ப வாசித்துச் சமாளித்திருப்பார்கள். இசை நாடகக் குழுக்கள் காலங்காலமாகக் கையாளும் உபாயம் அது. மடிகணினி அவன் இல்லாமலே பாட்டைத் தொடங்கிவிட்டது. வந்து சேர்ந்தவன் பாதி வரியிலிருந்து வாயசைத்தான். அதன்பிறகு ஆட்டக்காரர்கள் எல்லோருடைய முகத்திலும் இசையைத் துரத்திப் பிடிக்கும் பதற்றமே இருந்தது. வாத்தியக்காரர்களை முழு நிகழ்ச்சிக்கும் வைத்துக்கொள்ளப் பணம் போதவில்லை என்று குழுவினர் நிரலிலேயே வெளிப்படையாக எழுதியிருந்தது நேர்மையான செயல். அப்படியானால் நிகழ்ச்சியை ஒரு மணி நேரமாகச் சுருக்கியிருக்கலாம்.

மண்டபம் நடனத்துக்கென்று கட்டப்பட்டதல்ல. தளம் சமமாக இருப்பதால், ஐந்தாவது வரிசைக்குப் பின்னால் பிளாஸ்டிக் கதிரையில் அமர்பவர்களுக்கு ஆட்டக்காரர்களின் பாதங்கள் தெரிவதில்லை; ஜாஸ் நடனத்தில் பாதி வேலை அங்கேதான் நடக்கிறது. மழை பெய்தால் தகரக் கூரையின் சத்தம் மெல்லிய பாட்டுகளை விழுங்கிவிடும். நுழைவுச்சீட்டு 1,000 ரூபாவும் 2,000 ரூபாவும். ஆறு மணிக்குத் தொடங்க வேண்டியது, பொன்னாடைகள் போர்த்தி முடிய ஆறே முக்காலாயிற்று, ஒன்பதரைக்கு முடிந்தது. பொகவந்தலாவை, மஸ்கெலியா பக்கம் போக வேண்டிய குடும்பங்கள் பஸ்ஸை நினைத்து இறுதிக் காட்சிக்கு முன்பே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எழுந்தன. யாருடைய வாழ்க்கையை ஆடினார்களோ அவர்கள் முடிவைப் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு வைத்தால் இந்தச் சிக்கல் இருக்காது.

அடுத்ததாக பண்டாரவளையில் ஆடப்போவதாக மேடையில் அறிவித்தார்கள். போகிறவர்கள் சீட்டு வாங்குமுன் ஒரேயொரு கேள்வி கேட்டால் போதும்: வாத்தியக்காரர்கள் கடைசிவரை இருக்கிறார்களா? ஆம் என்றால் முன்வரிசைக்கே 2,000 ரூபா கொடுக்கலாம். பாதிவரைதான் என்றால் 1,000 ரூபாச் சீட்டை வாங்கி, நேரத்துக்கே போய், சுவரோரம் நின்றாவது கொழுந்து நிறுக்கும் காட்சியைப் பார்த்துவிட்டு, இடைவேளையில் பஸ் பிடித்துவிடலாம்.