ஒரே மதர்போர்டில் எட்டு ஆண்டுகள்: மேசைக் கணினிப் பாகங்களைத் தேர்ந்தெடுத்த அனுபவம்

2017ஆம் ஆண்டில் தனித்தனிப் பாகங்களாக வாங்கிச் சேர்த்த மேசைக் கணினியை இன்றும் அன்றாடம் பயன்படுத்தி வருகிறேன். எழுத்து வேலை, புகைப்படத் திருத்தம், அவ்வப்போது காணொளித் தொகுப்பு ஆகியவற்றுக்கே அது பெரிதும் பயன்படுகிறது. விளம்பரங்களில் முதலிடம் பெறும் பிராசசரும் கிராஃபிக்ஸ் கார்டும் ஒரு கணினி எத்தனை ஆண்டுகள் உழைக்கும் என்பதைத் தீர்மானிப்பதில்லை. எல்லாப் பாகங்களையும் இணைத்து, அவற்றைப் பிற்பாடு மாற்றிக்கொள்ள வழிவிடும் பலகையான மதர்போர்டும், எல்லாவற்றுக்கும் சீராக மின்சாரம் தரும் பவர் சப்ளையுமே தீர்மானிக்கின்றன. இத்தனை ஆண்டுப் பயன்பாட்டில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து இதுவே.

முதலில் பொருத்தியது ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5 1600. ஆறு கோர்கள் (தனித்தனியே வேலை செய்யும் கணக்கீட்டுப் பகுதிகள்) கொண்ட அந்தப் பிராசசர் ஏஎம்4 சாக்கெட்டில், அதாவது மதர்போர்டில் பிராசசரைப் பொருத்தும் இடத்தில், அமர்வது. மதர்போர்டு, ஏஎம்டியின் 300 வரிசையில் உள்ள பி350 சிப்செட் (மதர்போர்டின் இணைப்புகளைக் கட்டுப்படுத்தும் சிப்) வகையைச் சேர்ந்தது. அதே சாக்கெட்டுக்கு ஏஎம்டி தொடர்ந்து புதிய தலைமுறைகளை வெளியிட்டது. 2022இல் 300 வரிசை மதர்போர்டுகளுக்கும் ரைசன் 5000 வரிசைக்கான பயாஸ் (கணினியைத் தொடங்கி வைக்கும், மதர்போர்டில் உள்ள அடிப்படை மென்பொருள்) ஆதரவு கிடைத்தது. அதன் பிறகு, மதர்போர்டு, ரேம், கேபினெட் எதையும் மாற்றாமல், எட்டு கோர்கள் கொண்ட ரைசன் 7 5700எக்ஸ் பிராசசரைப் பொருத்திக்கொண்டேன். இரண்டும் 65 வாட் வகை என்பதால் மின்தேவை பெரிதாகக் கூடவில்லை. காணொளியை ஏற்றுமதி செய்யும் நேரமோ வெகுவாகக் குறைந்தது. ரைசன் 1000 வரிசை விண்டோஸ் 11இன் அதிகாரபூர்வ ஆதரவுப் பட்டியலில் இல்லை. 5000 வரிசை இருக்கிறது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தபோது இந்தக் கணினியைக் கழித்துக்கட்ட வேண்டிய நிலை வராததற்கு அந்த ஒரு பாக மாற்றமே காரணம்.

சாக்கெட்டின் பெயர் ஒன்றாக இருந்தாலே போதும் என்று எண்ணிவிடக் கூடாது. இன்டெலின் எல்ஜிஏ 1151 சாக்கெட்டையே எடுத்துக்கொள்வோம். ஆறாம், ஏழாம் தலைமுறைப் பிராசசர்கள் 100, 200 வரிசை மதர்போர்டுகளில் இயங்கின. 2017இல் வந்த எட்டாம் தலைமுறையோ, சாக்கெட்டின் பெயர் மாறாதபோதும் 300 வரிசை மதர்போர்டைக் கேட்டது. ஆகவே, வாங்குவதற்கு முன் மதர்போர்டு தயாரிப்பாளரின் தளத்தில் உள்ள பிராசசர் ஆதரவுப் பட்டியலைப் பார்த்து, எந்தப் பயாஸ் பதிப்பிலிருந்து எந்தப் பிராசசர் இயங்கும் என்பதைக் குறித்துக்கொள்வது அவசியம். பயாஸைப் புதுப்பிக்கும் வேலையைப் பழைய பிராசசர் பொருத்தியிருக்கும்போதே செய்து முடித்துவிட வேண்டும். இடையில் மின்சாரம் நின்றால் மதர்போர்டே இயங்காமல் போகக்கூடும் என்பதால், யுபிஎஸ் இணைப்பில் மட்டுமே அதைச் செய்யலாம்.

பழைய மதர்போர்டுக்கு எல்லைகளும் உண்டு. கிராஃபிக்ஸ் கார்டும் வேகமான சேமிப்பகமும் தகவல் பரிமாறும் பிசிஐஇ இணைப்பில் புதிய பிராசசர் 4.0 வேகத்துக்குத் தயாராக இருந்தாலும், பி350 மதர்போர்டு 3.0க்கு மேல் தராது. அன்றாட வேலையில் இந்தக் குறையை நான் உணர்ந்ததே இல்லை. ஏன் என்பதற்கான விடை சேமிப்பகத்தில் இருக்கிறது.

எட்டு ஆண்டுகளில் செய்த மாற்றங்களில் கைக்கு உடனே தெரிந்தது, ஹார்டு டிஸ்கிலிருந்து, சுழலும் பாகமின்றிச் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டிக்கு மாறியதுதான். நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் ஹார்டு டிஸ்கில், தேவையான இடம் சுழன்று வருவதற்கே சராசரியாக 4 மில்லிநொடிக்கு மேல் ஆகிறது. தகவலைப் படிக்கும் தலைப்பகுதி நகரும் நேரம் அதற்கு மேல். சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளை நொடிக்குச் சுமார் நூறு முறைதான் அதனால் எட்ட முடியும். எஸ்எஸ்டியில் அந்த எண்ணிக்கை பல்லாயிரம். இயங்குதளம் தொடங்குவதும் மென்பொருள் திறப்பதும் சிறு கோப்புகளைத் தேடி எடுக்கும் வேலைதான். அங்குதான் காத்திருப்பு மறைகிறது. பழைய சாட்டா இணைப்பில் நொடிக்கு ஏறத்தாழ 550 எம்பி தரும் எஸ்எஸ்டியிலிருந்து, பிசிஐஇ வழியாக 3500 எம்பி தரும் என்விஎம்இ வகை எஸ்எஸ்டிக்கு நான் மாறியபோது, பெரிய காணொளிக் கோப்புகளைப் படியெடுக்கும் நேரத்தில் மட்டுமே வேறுபாடு துலங்கியது. எனவே, பட்ஜெட் குறைவாக உள்ளவர் வேகத்தைவிடக் கொள்ளளவுக்கே முன்னுரிமை தரலாம் என்பது என் கருத்து.

எஸ்எஸ்டி வாங்கும்போது காணும் எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டுமே. 22 மில்லிமீட்டர் அகலமும் 80 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட ஒரே தோற்றத்தில் சாட்டா எஸ்எஸ்டியும் உண்டு, என்விஎம்இ எஸ்எஸ்டியும் உண்டு. மதர்போர்டின் ஸ்லாட் எதை ஏற்கும் என்பதைக் கையேட்டில் பார்க்க வேண்டும். எம்.2 ஸ்லாட்டைப் பயன்படுத்தினால் சில சாட்டா இணைப்புகள் செயலிழக்கும் மதர்போர்டுகளும் உள்ளன. எஸ்எஸ்டியில் தகவலைத் தாங்கும் செல் ஒன்றுக்கு மூன்று பிட் எழுதும் டிஎல்சி வகையை நான் விரும்புகிறேன். நான்கு பிட் எழுதும் க்யூஎல்சி வகையில், இடைச்சேமிப்புப் பகுதி நிறைந்த பின் எழுதும் வேகம் வெகுவாகச் சரியும். படங்களைச் சேமித்து வைத்துப் பார்க்க மட்டும் என்றால் அதுவும் போதும்.

ரேமில் ஒரே அளவுள்ள இரண்டு கார்டுகளாக வாங்குவதே நல்லது. அப்போதுதான் பிராசசர் இரு தடங்களிலும் ஒரே நேரத்தில் தகவலைப் பெறும். பெட்டியில் வேகம் 3200 என்று அச்சிட்டிருந்தாலும், அந்த வேகத்தில் ஓட வைக்கும் எக்ஸ்எம்பி அமைப்பைப் பயாஸில் இயக்காத வரையில் பல ரேம்கள் குறைந்த வேகத்திலேயே ஓடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டிலும் 288 பின்கள் இருந்தாலும் வெட்டுப்பள்ளம் இருக்கும் இடம் வேறு. ஒன்றின் ஸ்லாட்டில் மற்றது பொருந்தாது.

கிராஃபிக்ஸ் கார்டில் பெயரை மட்டும் நம்ப முடியாது. என்விடியாவின் ஜிடி 1030 என்ற ஒரே பெயரில் ஜிடிடிஆர்5 நினைவகம் கொண்டதும், அதைவிட மிக மெதுவான டிடிஆர்4 நினைவகம் கொண்டதும் விற்பனைக்கு வந்தன. எழுத்து வேலைக்கு மட்டும் கணினி வாங்குவோருக்குத் தனிக் கார்டே தேவையில்லை. ஆனால் பிராசசரிலேயே கிராஃபிக்ஸ் உள்ளதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இன்டெலில் பெயரின் இறுதியில் எஃப் என்ற எழுத்து இருந்தால் அது இல்லை என்று பொருள்.

பவர் சப்ளையைப் பற்றிச் சற்று அழுத்தமாகவே சொல்ல விரும்புகிறேன். 80 பிளஸ் கோல்டு போன்ற முத்திரைகள் மின்சாரம் வெப்பமாக வீணாவது எவ்வளவு குறைவு என்பதைத்தான் சொல்கின்றன. உள்ளிருக்கும் பாகங்களின் உழைப்பைச் சொல்வதில்லை. அதற்குத் தயாரிப்பாளர் தரும் உத்தரவாதக் காலமே நம்பகமான அளவுகோல். என் கணினி முழு உழைப்பிலும் 300 வாட்டைத் தாண்டாது. நான் வைத்திருப்பது 550 வாட் அலகு. பாதிச் சுமையின் அருகில் இயங்குவதால் அதன் விசிறி பெரும்பாலும் அமைதியாகவே இருக்கிறது. கழற்றி மாட்டும் வகைக் கேபிள்களை ஒரு பவர் சப்ளையிலிருந்து எடுத்து மற்றொன்றில் ஒருபோதும் பொருத்தக் கூடாது. அலகின் பக்கத்தில் உள்ள பின் வரிசைக்குப் பொதுத் தரம் இல்லாததால், மாறிப் பொருத்தினால் ஹார்டு டிஸ்க் எரிந்துபோகக்கூடும்.

பழைய ஹார்டு டிஸ்கை நான் ஒதுக்கிவிடவில்லை. புகைப்படங்களின் காப்புப் படிகளை அதில்தான் வைக்கிறேன். மின்னிணைப்பின்றி நெடுநாள் அலமாரியில் கிடக்கும் எஸ்எஸ்டியில் மின்னூட்டம் மெல்லக் கசிந்து தகவல் அழிய வாய்ப்புண்டு. காந்தத் தட்டில் அந்தக் கசிவு இல்லை. மாதம் ஒருமுறை, டிஸ்க் தன் நிலையைத் தானே பதிவு செய்யும் ஸ்மார்ட் விவரங்களைத் திறந்து, பழுதாகி மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்களின் (தட்டின் சிறு பகுதிகள்) எண்ணிக்கையைப் பார்த்துக்கொள்கிறேன். அந்த எண் கூடத் தொடங்கினால், மறுநாளுக்குத் தள்ளாமல் அன்றே வேறொரு டிஸ்குக்குப் படியெடுத்துவிட வேண்டும்.